இல்லாத ஒயரைத் தாண்டுகிறவர்

அந்த வருஷம் ஆனித் தேரோட்டத்துக்குள் திருநெல்வேலி டவுனில் பதினாலு பேர் ஒரே மாதிரி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். பதினாலு பேரும் பக்கவாதம் வந்து, ஒரு கால் விழுந்து, பாளையங்கோட்டையில் கரண்டு வைத்தியம் பார்த்து எழுந்தவர்கள். வண்ணாரப்பேட்டை சிக்னலில் அவர்களில் நாலு பேர் தற்செயலாகச் சேர்ந்து ரோட்டைக் கடந்தபோது, டிராபிக் போலீஸ்காரர் விறைத்து நின்று சல்யூட் அடித்துவிட்டார். அடித்த பிறகுதான் ஒருத்தர் கக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டு இருந்ததைக் கவனித்தாராம். ரேஷன் கடை வாசலில், அந்தப் பதினாலில் ஒருவரான சாம்பசிவத்தின் சம்சாரம், பின்னாலிருந்து நடையைப் பார்த்துத் தன் வீட்டுக்காரர் என்று நினைத்து, வேறொரு மனுஷனிடம் பத்து நிமிஷம் நாத்தனாரைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷனும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க வீட்லயும் இதே கததான் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாலாவது ஆள் வள்ளிநாயகம். 'வள்ளி வீடியோஸ்' வள்ளிநாயகம் என்றால்தான் டவுனில் தெரியும். நாற்பது வருஷம் இந்த ஊர்க் கல்யாணங்களை எல்லாம் தோளில் கேமராவைச் சுமந்து பிடித்தவர். சித்திரை மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இடது பக்கம் சரிந்தார். பேச்சு தப்பித்தது. கை ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. இடது கால் மட்டும் வீட்டோடு கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தது.

"கால்ல ஒண்ணுமே இல்ல அங்கிள்," என்றாள் பியூலா. வைத்திய நிலையத்தில் கால்களுக்குக் கரண்டு வைக்கிற பெண் அவள். முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டையும் தொடையில் ஒரு பட்டையும் சுற்றி, இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை மாட்டிவிட்டாள். "தசை அப்படியே நல்லாருக்கு. தூக்குன்னு உத்தரவு போடுத ஆள்தான் மூளைக்குள்ள காணாம போயிட்டான். அவனுக்குப் பதிலா இந்தப் பெட்டி உத்தரவு போடும்."

"இதுக்கு எப்படித் தெரியும், எப்பத் தூக்கணும்னு?"

"கம்பெனியில ஒருத்தர நடக்க வச்சு, அந்த நடைய அப்படியே பதிஞ்சு வச்சிருக்காங்க. அவர் எப்ப எந்தத் தசைய இறுக்குனாரோ, அப்ப உங்க தசைக்குக் கரண்டு போகும். எல்லாருக்கும் அந்த நடைதான்."

"யாரு அவன்?"

"வடக்க எங்கயோ பட்டாளத்துல இருந்தவராம். இருபத்தெட்டு வயசு."

"கல்யாணம் ஆயிட்டா?"

பியூலா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற கோமதி, வள்ளிநாயகத்தின் மனைவி, "நீ வேலையப் பாரும்மா. அவுக அப்படித்தான்" என்றாள். நாற்பது வருஷமாக அவுக அப்படித்தான். காய்கறிக்காரன் கோமதியைப் பார்த்துச் சிரித்துவிட்டான் என்று ஒரு தையும் மாசியும் வீட்டில் காய்கறியே வாங்காமல் பருப்புத் துவையலில் ஓட்டியவர் அவர்.

"இது காலத்துக்கும் கட்டிக்கிட்டுத் திரிய வேண்டியதில்ல அங்கிள்," என்று பியூலா தொடர்ந்தாள். "பெட்டி காலத் தூக்கத் தூக்க, மூளை அதப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் காணாமப்போனவன் வேலைய பக்கத்து சீட்டுக்காரன் எடுத்துச் செய்ய ஆரம்பிச்சிருவான். அப்புறம் பெட்டி வேண்டாம்."

"அது என்னைக்கு?"

"ஆளப் பொறுத்து. சில பேருக்கு வராமலே போயிரும். மூளைக்கு ஒரு அவசரம் வேணும் அங்கிள்."

"என்ன மாதிரி அவசரம்மா?" என்று கேட்டது கோமதி.

"வீட்ல தீப்பிடிச்சாலும் சரிதான் ஆன்ட்டி," என்று பியூலா சிரித்தாள். கோமதி சிரிக்கவில்லை.

பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் வள்ளிநாயகத்தின் இடது கால் எழும்பி, விறைத்து, குதிகால் 'டக்'கென்று தரையில் விழுந்தது. வலது கால் கூட்டணிக் கட்சி மாதிரி முதலில் முனகியது, பிறகு ஒத்துப்போனது. ஒரு வாரத்தில் அவர் பட்டாளத்துக்காரனாக டவுனுக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவருக்குத்தான் ஒன்று குறைந்தது.

வள்ளிநாயகத்துக்கு என்று ஒரு நடை இருந்தது. பதினெட்டு வயதில் வீடியோவுக்கு விளக்குப் பிடிக்கிற வேலையில் சேர்ந்தவர். கல்யாண மண்டபம் என்றால் தரையெல்லாம் ஒயர் ஓடும். அதைத் தாண்டித் தாண்டி, ரோட்டில் வெறுமனே போகும்போதும் சில அடிக்கு ஒரு தடவை இடது காலை உயர்த்தி, அங்கே இல்லாத ஒரு ஒயரைத் தாண்டுவார். படம் குலுங்கக் கூடாது என்று முழங்காலை மடக்கியே வைத்திருப்பார். வலது தோள் கேமரா இல்லாமலேயே கேமராவைச் சுமக்கும். அவருக்கே இது தெரியாது. கோமதிக்குத் தெரியும். சந்து முனையில் அந்தச் சத்தம் கேட்டதும், அதாவது ஆறேழு மெத்தென்ற அடி, இடையில் ஒரு சின்ன மௌனம், மறுபடி அடி, அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். 'ணங்' என்று கேட்கும். அவர் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, உட்காருவதற்கும் முதல் தோசை இலையில் விழுவதற்கும் சரியாக இருக்கும். நாற்பது வருஷத்தில் கோமதி அவரிடம் 'உங்கமேல எனக்குப் பிரியம்' என்றெல்லாம் சொன்னதில்லை. அந்த 'ணங்'தான்.

பட்டாள நடை வந்த பிறகு 'ணங்' நின்றுபோனது. வாசலில் வந்து நின்று, "ஏட்டி, வந்துட்டேன்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. ஒருநாள் அவர் வாசற்படி ஏறும்போது கோமதி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "யாரது?" என்றாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பசி இல்லை என்று சொல்லிவிட்டு, ரெண்டு மணி நேரம் கழித்துத் தானாகப் போய்ப் பழையதைப் போட்டுச் சாப்பிட்டார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் அவர் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து 'ணங்' என்று கேட்டது.

வள்ளிநாயகத்தின் நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் நான் இங்கேதானே இருக்கிறேன், வரவே இல்லையே என்று அடுத்த நிமிஷம் தோன்றியது. தலையைத் தூக்கினார். வாசலில் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் கோமதிக்கு அத்தை மகன். அவளுக்கு முறை மாப்பிள்ளை. ஜாதகம் பொருந்தியிருந்தால் கோமதி அந்த வீட்டுக்குத்தான் போயிருப்பாள். பொருந்தவில்லை என்று ஜோசியர் சொன்னதால் வள்ளிநாயகத்துக்கு வந்தாள். அந்த ஜோசியர் செத்த அன்றைக்கு வள்ளிநாயகம் முதல் ஆளாகப் போய் மாலை போட்டார். ஆவுடையப்பன் தபால் ஆபீசில் ரிட்டயர் ஆகி, மனைவியும் போய்ச் சேர்ந்து, அடுத்த தெருவில் தனியாக இருந்தார். ஊரில் அவர் பேர் பெற்றது ஒரே ஒரு வித்தையால். யார் நடையையும் ஒரு தடவை பார்த்தால் அப்படியே நடந்து காட்டுவார். அதிலும் வள்ளிநாயகத்தின் நடைதான் அவர் கைவந்த சரக்கு. எந்தக் கல்யாண வரவேற்பிலும், "ஆவுடை, வீடியோ அண்ணாச்சியப் போடும்" என்று நாலு பேர் கேட்பார்கள். போடுவார். மண்டபமே சிரிக்கும்.

"இருக்கேரா? நல்லதாப் போச்சு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்வே," என்று உட்கார்ந்தார். சும்மா பார்த்தவர் இரண்டு தோசை சாப்பிட்டார். தோசை மொறுமொறுவென்று, ஓரம் சிவந்து, வள்ளிநாயகத்துக்குப் பிடிக்கிற பதத்தில் இருந்தது.

மறுநாள் காலை பியூலா கதவைத் திறக்கும் முன் அவர் அங்கே நின்றார்.

"எனக்கு இந்தப் பயலோட நடை வேண்டாம். என் நடை வேணும்."

"தரலாம் அங்கிள். பழைய வீடியோ ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. அதப் பாத்து உங்க நடையச் செஞ்சிரலாம். நீங்க வீடியோக்காரர்தானே, கொட்டிக் கெடக்குமே."

வீட்டு மாடியில் எண்ணூற்றுச் சொச்சம் டேப் இருந்தது. வள்ளிநாயகம் பழைய பிளேயரைத் துடைத்து மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார். ஊரே அதில் நடந்துகொண்டிருந்தது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் பூக்கூடை தூக்கிக்கொண்டு பெண்பிள்ளைகளாக ஓடினார்கள். செத்துப்போனவர்கள் பந்தி விசாரித்தார்கள். டவுனில் ஒரு மனுஷன் பாக்கியில்லை, ஒருத்தரைத் தவிர. கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆளைக் கேமரா பிடிக்கவே இல்லை. சொந்தக் கல்யாண டேப்பில் மட்டும் அவர் இருந்தார். அதை அவருடைய முதலாளி பிடித்தது. அதிலும் உட்கார்ந்தே இருந்தார். எழுந்தது ஒரே ஒரு தடவைதான். கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு அக்கினியை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"இது ஆவாது அங்கிள்," என்றாள் பியூலா. "இந்த நடையில யாரும் குடும்பம் நடத்த முடியாது. வேற ஏதாவது?"

வேறொன்று இருந்தது. அதை அவர் பைக்குள்ளிருந்து எடுக்க மனசில்லாமல் எடுத்தார். பேட்டையில் ஒரு வரவேற்பு. ஆவுடையப்பன் தோளில் ஒரு பித்தளைக் குடத்தைக் கேமராவாக வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, இடது காலை உயர்த்தி இல்லாத ஒயரைத் தாண்டுகிறார். கூட்டம் உருண்டு சிரிக்கிறது. உடனே படம் அவரை விட்டு விலகி, மூன்றாவது வரிசையில் கோமதியின் முகத்துக்கு ஓடி, அங்கேயே நிற்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். ஒரு முழு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில்தான் மேடையில் மாமனார் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டாராம். போட்டேன் என்று அவரும், போடவில்லை என்று மாப்பிள்ளையும் இன்றைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். டேப்பைப் பார்க்கலாம் என்றால் டேப்பில் கோமதி சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"இவர் அருமையா நடக்காரே!" என்றாள் பியூலா. "ஆனா வேட்டி கட்டியிருக்காரு. முழங்கால் தெரியல. ஆளையே கூட்டிட்டு வாங்க. கம்பி ஒட்டிப் பதிஞ்சிரலாம்."

போவதா வேண்டாமா என்று வள்ளிநாயகம் நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் 'டக் டக்' என்று அடுத்த தெருவுக்குப் போனார்.

"என்னவே, பட்டாளம் இந்தப் பக்கம்?" என்றார் ஆவுடையப்பன்.

"என் நடை உம்மகிட்ட இருக்கு. அது எனக்கு வேணும்."

ஆவுடையப்பன் வாயில் போடப் போன வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். கேலி செய்வார் என்று வள்ளிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். செய்யவில்லை.

"வாரேன். என்னைக்கு?"

"நாளைக்கு. டவுசர் போட்டுட்டு வரணும். முழங்கால் தெரியணுமாம்."

"அறுபத்தெட்டு வயசுல டவுசரா!" அவர் சற்று யோசித்தார். "கோமதி வருவாளா?"

"அவ எதுக்கு?"

"இல்லவே. டவுசர்ல நிக்கணுமேன்னு கேட்டேன்."

"வர மாட்டா," என்றார் வள்ளிநாயகம். வருவதாக இருந்த கோமதியை அன்று ராத்திரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பியூலா ஆவுடையப்பனின் காலில் பதினாறு கம்பிகளை ஒட்டினாள். "தாத்தா, மொதல்ல உங்க சொந்த நடையில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடங்க. அத எடுத்துக்கிட்டுத்தான், அங்கிள் மாதிரி நடக்கதுல உங்களோடது எது, அவரோடது எதுன்னு பிரிக்க முடியும்."

"சொந்த நடையா?" என்று ஆவுடையப்பன் கேட்டார். கேட்டுவிட்டு நடந்தார்.

முழங்கால் மடங்கியிருந்தது. வலது தோள் ஏறியிருந்தது. பாதி தூரத்தில் இடது கால் உயர்ந்து, வழவழவென்று துடைத்திருந்த தரையில் இல்லாத ஒரு ஒயரைத் தாண்டியது.

"அது அப்புறம் தாத்தா. மொதல்ல உங்களோடது."

ஆவுடையப்பன் திரும்பி வந்து மறுபடி நடந்தார். மறுபடி தாண்டினார்.

"விளையாடாதீரும்வே," என்றார் வள்ளிநாயகம்.

"விளையாடல."

மூன்றாவது தடவை அவர் மெதுவாக, தரையையே பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நடந்தார். கால் உயர வேண்டாம் என்று அவர் பிடிக்கிற பிடி கழுத்து நரம்பில் தெரிந்தது. கால் உயர்ந்தது. பியூலா திரையைப் பார்த்தாள். பெட்டியைத் தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஆவுடையப்பன் டவுசரோடு பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் ரெண்டும் வேப்பங்கட்டை மாதிரி வெளியே நின்றன.

"உம்ம கல்யாணத்தன்னைக்கு ஆரம்பிச்சது," என்றார். "எங்கிட்ட இல்லாதது இவன்கிட்ட என்ன இருக்குன்னு பாத்தேன். உயரம் ரெண்டு பேரும் ஒண்ணு. நெறம் நான் ஒரு பிடி கூட. வேல எனக்கு சர்க்கார் வேல. எப்படிப் பாத்தாலும் நடை ஒண்ணுதான் வேறயா இருந்துது. சரி, அதுவாத்தான் இருக்கும்னு வீட்ல கதவச் சாத்திக்கிட்டு நடந்து பாத்தேன். கிண்டல்னு சொன்னாத்தானவே வெளிய நடக்க முடியும்? நாப்பது வருஷம் கிண்டல் பண்ணுனேன். என்னுது எங்கயோ நழுவிப்போச்சு. எங்கம்மா கடைசியில கண்ணு தெரியாம கெடந்தா. நான் உள்ள போனா, 'வாப்பா வள்ளிநாயகம், என் மகன் வரலியா'ன்னு கேப்பா."

பியூலா ஒரு கம்பியை எடுத்துச் சுற்றினாள், மறுபடி பிரித்தாள். வள்ளிநாயகத்துக்கு ஒரு ஆளின் பேரில் நாற்பது வருஷம் பொறாமைப்பட்டுவிட்டு, அந்த ஆள் தன்மேல் நாற்பது வருஷம் பொறாமைப்பட்டார் என்று கேட்டால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. அதாவது, முதலில் பெருமையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது.

"உம்ம கல்யாண டேப் இருக்காவே?" என்று ஆவுடையப்பன் கேட்டார். "அன்னைக்குச் சீர்த்தட்டு தூக்கிட்டு நான்தான் முன்னால வந்தேன். உம்ம நடையப் பிடிக்கதுக்கு முந்தி நடந்த என் நடை அதுல இருக்கும். ஒரு தடவ பாத்தாப் போதும், பிடிச்சிருவேன். யார் யார் நடையெல்லாமோ பிடிச்சவன், என்னோடதப் பிடிக்க மாட்டேனா?"

"பாக்கேன்," என்றார் வள்ளிநாயகம்.

பார்த்தார். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். இருபத்தெட்டு வயது ஆவுடையப்பன் வெற்றிலை பாக்குத் தட்டோடு மண்டபத்துக்குள் வந்தார். நடையா அது! தாமிரபரணியில் தண்ணீர் நிறைந்து போகும்போது கரையில் இடிக்காமல் ஒரு போக்குப் போகுமே, அந்த மாதிரி. தட்டில் இருந்த ஒரு வெற்றிலை அசையவில்லை. அந்த நடை மணவறையைக் கடக்கும்போது, தலை குனிந்திருந்த கோமதியின் கண் மேலே எழும்பியது. ஒன்றரை விநாடி. பிறகு தாழ்ந்தது. வள்ளிநாயகம் இந்த இடத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார் என்று இல்லை. இந்த ஒன்றரை விநாடியை அவர் வாழ்நாளில் ஓட்டிப் பார்த்ததைக் கூட்டினால் ஒரு மாதம் வரும்.

சாயங்காலம் போன் போட்டார். "டேப்புல பூஞ்சை பிடிச்சிட்டுவே. ஒண்ணும் தெரியல."

"அப்படியா," என்றார் ஆவுடையப்பன். "சரி விடும். இதுவும் பழகிப்போச்சு."

அடுத்த நாள் பியூலா, ஆவுடையப்பனிடம் பதிந்ததைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து, பட்டாளத்துக்காரனை அழித்துவிட்டு வள்ளிநாயகத்துக்குள் வள்ளிநாயகத்தை ஏற்றினாள். அவர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரதவீதியில் நடந்து வந்தபோது, அல்வாக் கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம், "எய்யா, வீடியோ அண்ணாச்சி வந்துட்டாரு!" என்று கூவினார்கள். முழங்கால் மடங்கியது. கால் உயர்ந்து தாண்டியது. சந்து முனை திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு அடியாக வைத்தார். காதை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

'ணங்' கேட்கவில்லை.

வாசல் வந்தது. செருப்பைக் கழற்றினார். கால் கழுவினார். அடுக்களையில் கோமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என் நடை திரும்பி வந்துட்டு ஏட்டி. கேக்கலியா?"

"கேட்டுது."

"பெறகு?"

"அது உங்க நடை இல்ல," என்றாள் கோமதி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆவுடை அத்தான் நடை. நீங்க ஏழாவது அடியில தாண்டுவீங்க. அத்தான் எட்டாவதுல. இது எட்டு."

வள்ளிநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் ஒங்களையும் அத்தானையும் எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்று அவள் கேட்டாள்.

நகல் என்றால் எங்கேயோ ஒரு அடி பிசகும். பியூலாவுக்குப் போன் போட்டார். "ஒரு நம்பர மாத்தினாப் போதும் அங்கிள். வியாழக்கிழமை வாங்க" என்றாள். வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் அவர் மனசில் நின்றது நம்பர் இல்லை. அன்றைக்கு 'ணங்' என்று போட்டாளே, எட்டாவது அடி என்று தெரிந்தேதான் போட்டாளா? கேட்டுவிடலாம் என்று ஏழெட்டுத் தடவை வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும், "ஏட்டி, தண்ணி கொடு" என்றுதான் வெளியே வந்தது. அந்த நாலு நாளில் அவர் குடித்த தண்ணீருக்கு வேறு ஒரு வைத்தியரைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரம். பட்டைகளைக் கழற்றிப் பெட்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு, வள்ளிநாயகம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சந்து முனையில் காலடி கேட்டது. அவர் எண்ணினார். ஒன்று, ரெண்டு, மூணு. மெத்து மெத்தென்று வந்தது. ஆறு. ஏழு. எட்டு. மௌனம்.

அடுக்களையில் 'ணங்' என்று கேட்டது.

பிறகு நடந்ததை வள்ளிநாயகத்தால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. எழுந்தது ஞாபகம் இருக்கிறது. ஆவுடையப்பன் படியில் கால் வைப்பதற்குள் வாசற்கதவை மறித்து நின்றது ஞாபகம் இருக்கிறது. நாற்காலிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்ததுதான் ஞாபகம் இல்லை.

"இங்க என்னவே வேல உமக்கு?" என்று கத்தினார்.

ஆவுடையப்பன் பார்வை வள்ளிநாயகத்தின் இடுப்பில் இருந்தது. இடுப்பில் ஒன்றும் இல்லை. கண் கீழே இறங்கி, பட்டை இல்லாத வெறும் காலில் நின்றது.

"வே," என்றார் மெதுவாக. "உம்ம பெட்டி எங்க?"

வள்ளிநாயகம் திரும்பிப் பார்த்தார். பெட்டி சுவரோரம் பச்சை விளக்கு எரிய, தேமே என்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தன் இடது காலைப் பார்த்தார். கால் அவரைப் பார்த்தது.

நாலு அடியில் அடுக்களைக்குப் போனார். அவரே போனார். காலைத் தேய்த்துத் தேய்த்து, நடுவில் ஒரு தடவை கதவு நிலையைப் பிடித்து. அடுப்பு எரியவில்லை. தோசைக்கல் அதன்மேல் சில்லென்று உட்கார்ந்திருந்தது. மாவுச் சட்டி கழுவிக் கவிழ்த்து, காய்ந்து கிடந்தது. கோமதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் தடவை கச்சேரிக்கு வந்தவள் மாதிரி அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"மாவே இல்லையே ஏட்டி."

"இல்லதான்," என்றாள். "அந்தப் பிள்ள அவசரம் வேணும்னுச்சு. வீட்டுக்குத் தீ வைக்க எனக்கு மனசு வரல."

வள்ளிநாயகம் அங்கேயே நின்றார். முதல் தடவை போட்ட 'ணங்' எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அன்றைக்கு மாவு இருந்தது. ரெண்டு தோசையும் இருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"தண்ணி கொடு," என்றார்.

குடித்துவிட்டு, பீரோவைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆவுடையப்பன் இன்னும் படியிலேயே நின்றிருந்தார்.

"பூஞ்சை அவ்வளவா இல்ல. தொடச்சுட்டேன்," என்று நீட்டினார். "பிளேயரும் தாரேன். ஆனா உம்ம வீட்ல வச்சுப் பாரும். இங்க வேண்டாம்."

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிளம்பினார். மெத்து மெத்தென்று சந்தில் அடிகள் போயின. வள்ளிநாயகமும் கோமதியும் வாசலில் நின்று கேட்டார்கள். எட்டாவதில் ஒரு மௌனம். மறுபடி எட்டு. முனை திரும்பியதும் சத்தம் தேய்ந்துவிட்டது.

"நாளையிலேர்ந்து அந்தச் சத்தம் கேக்காது," என்றாள் கோமதி.

அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு சொட்டு வருத்தம் இருந்ததா, இல்லையா என்று வள்ளிநாயகம் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். யோசிக்கும்போதெல்லாம் இடது கால் நன்றாகத் தூக்குகிறது.